லேப்டாப்பையும் கைப்பேசியையும் டிவியில் இணைத்துக் கிரிக்கெட் பார்ப்பது: முழுமையான வழிகாட்டி

2023ஆம் ஆண்டு ஐபிஎல் இறுதிப் போட்டி மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், மே 29ஆம் தேதி இரவு அகமதாபாத்தில் தொடங்கி, நள்ளிரவைத் தாண்டித்தான் முடிந்தது. கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் தேவை என்ற நிலையில் ரவீந்திர ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துச் சென்னைக்கு ஐந்தாவது கோப்பையைப் பெற்றுத் தந்தார். அந்த இரண்டு பந்துகளையும் எங்கள் வீட்டில் யாரும் நேரலையில் பார்க்கவில்லை. கைப்பேசித் திரையைக் கம்பியில்லாமல் டிவிக்கு அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மோகித் சர்மா ஓடி வரும்போது படம் உறைந்து நின்றது. மீண்டும் உயிர் பெற்றபோது மஞ்சள் சட்டைகள் மைதானத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு கேபிள் அன்று வீட்டில் இருந்திருந்தால் அந்த இழப்பு நேர்ந்திருக்காது.

திரைப்படம் நடுவில் நின்றால் அதே இடத்திலிருந்து தொடரலாம். நேரலை ஆட்டத்தில் போன பந்து போனதுதான். ஆகவே விளையாட்டு பார்ப்பதற்கான இணைப்பில் கேபிளுக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கேபிளுக்கு வழியில்லாதபோது கம்பியில்லா முறையை நாடலாம். ஆனால் அதிலும் இரண்டு வகை இருக்கின்றன, ஒன்று நம்பத்தக்கது, மற்றொன்று அவ்வளவாக நம்ப முடியாதது. இவை அனைத்தையும் கீழே வரிசையாக விளக்குகிறேன்.

அதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் டிவியிலேயே ஜியோஹாட்ஸ்டார், சோனிலிவ், ஃபேன்கோட் போன்ற செயலிகள் தடங்கலின்றி ஓடுகின்றனவா? ஓடினால் லேப்டாப்பும் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம். டிவியின் செயலியிலேயே பாருங்கள், அதைவிட எளிய வழி வேறில்லை. டிவி ஸ்மார்ட் வகையைச் சேராதது, அல்லது ஸ்மார்ட் டிவிதான் ஆனால் பழையதாகிச் செயலிகள் திறக்கவே இரண்டு நிமிடம் ஆகிறது, அல்லது நீங்கள் பார்க்க விரும்பும் ஆட்டம் இணையதளத்தில் மட்டுமே வருகிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி பயன்படும்.

டிவியின் பின்பக்கம்

கடைக்குச் செல்வதற்கு முன் டிவியின் பின்பக்கத்தையும் பக்கவாட்டையும் ஒரு டார்ச் விளக்கோடு பாருங்கள். இரு கீழ் மூலைகளும் சரிவாக வெட்டப்பட்டதுபோல் தட்டையாக இருக்கும் துளைதான் எச்டிஎம்ஐ. 2002ஆம் ஆண்டு இறுதியில் வெளியான இந்தத் தரம் படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் கொண்டுசெல்கிறது. பெரும்பாலான தட்டைத் திரை டிவிகளில் இரண்டு அல்லது மூன்று எச்டிஎம்ஐ போர்ட்கள் இருக்கும். அவற்றில் ஒன்றின் அருகே 'ஏஆர்சி' (டிவியின் ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி) என்று எழுதியிருந்தால், சவுண்ட்பார் வைத்திருப்பவர்கள் அதை அதற்கே விட்டுவிட்டு வேறொன்றைப் பயன்படுத்த வேண்டும். செட்டாப் பாக்ஸ் ஒரு போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

டிவியில் உள்ள யுஎஸ்பி துளையைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். அது பெண்டிரைவில் உள்ள படங்களையும் பாடல்களையும் இயக்குவதற்கானது. கைப்பேசியின் சார்ஜர் கேபிளை அதில் செருகினால் கைப்பேசி மெதுவாகச் சார்ஜ் ஆகலாம், ஆனால் அதன் திரை டிவியில் தெரியாது.

லேப்டாப்பைக் கேபிளால் இணைத்தல்

லேப்டாப்பிலும் எச்டிஎம்ஐ துளை இருந்தால் இருபுறமும் ஒரே மாதிரி முனை கொண்ட சாதாரண கேபிள் போதும். தமிழ்நாட்டில் 2011 முதல் அரசு மாணவர்களுக்கு வழங்கிய லேப்டாப்களில் பலவற்றிலும் இந்தத் துளை உண்டு. படிப்பு முடிந்து அலமாரியில் கிடக்கும் அத்தகைய லேப்டாப் ஆட்டம் பார்க்கத் தாராளமாக உதவும். மெல்லிய புதிய லேப்டாப்களில் யுஎஸ்பி-சி துளை மட்டுமே இருக்கக்கூடும். அப்போது யுஎஸ்பி-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர் தேவை. ஆனால் எல்லா யுஎஸ்பி-சி துளைகளும் படத்தை வெளியே அனுப்பாது. துளையின் அருகே மின்னல் குறியோ, 'டி', 'பி' எழுத்துகள் பிணைந்தது போன்ற டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருந்தால் பெரும்பாலும் அனுப்பும். எந்தக் குறியும் இல்லையென்றால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் உங்கள் மாடலின் விவரப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேபிள் வாங்கும்போது 'ஹை ஸ்பீடு' என்று குறிப்பிட்டதை வாங்கினால் 1080பி (முழு எச்டி) தரத்துக்கு முழுமையாகப் போதும். 4கே படத்தை நொடிக்கு 60 படச்சட்டங்கள் (ஃபிரேம்கள்) வீதம் அனுப்ப வேண்டுமானால் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' வகை வேண்டும். விளையாட்டு நேரலைகள் பெரும்பாலும் 1080பி அளவில் வருவதால் முதல் வகையே சரி. தங்க முலாம் பூசிய விலையுயர்ந்த கேபிளில் படம் பளிச்சென்று தெரியும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். எண்ம (டிஜிட்டல்) சமிக்ஞை சரியாகப் போய்ச் சேர்ந்தால் எந்தக் கேபிளிலும் படம் ஒன்றுதான். நீளம் மட்டும் முக்கியம். டிவியிலிருந்து லேப்டாப் வைக்கும் இடம் வரை சுவரோரமாகக் கயிறு பிடித்து அளந்து, அதோடு அரை மீட்டர் சேர்த்து வாங்குங்கள். கூடத்தின் நடுவே இழுத்துக் கட்டிய கேபிளில் குழந்தையின் கால் பட்டால் லேப்டாப்போடு டிவியும் கீழே வரும்.

இணைக்கும் வரிசை இது. முதலில் டிவியையும் லேப்டாப்பையும் அணைத்துவிட்டுக் கேபிளை இருபுறமும் செருகுங்கள். எச்டிஎம்ஐயை இயங்கும்போதே செருகலாம் என்றாலும், நிலக்கம்பி (எர்த்) இணைப்பு சரியில்லாத வீடுகளில் லேப்டாப் உடலில் மெல்லிய மின் கசிவு இருப்பதுண்டு. அணைத்துவிட்டுச் செருகுவது போர்ட்டுக்குப் பாதுகாப்பு. பிறகு டிவியைப் போட்டு, ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' என்றிருக்கும் பொத்தானை அழுத்தி, நீங்கள் செருகிய போர்ட்டின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அதன் பின் லேப்டாப்பைப் போடுங்கள். சில நொடிகளில் லேப்டாப் திரை டிவியில் தெரியும்.

தெரியாவிட்டால் விண்டோஸ் பொத்தானைப் பிடித்துக்கொண்டு 'பி' எழுத்தை அழுத்துங்கள். நான்கு தேர்வுகள் வரும். முதலாவது லேப்டாப் திரை மட்டும்; இரண்டாவது 'டூப்ளிகேட்', அதாவது இரண்டிலும் ஒரே காட்சி; மூன்றாவது 'எக்ஸ்டெண்ட்', டிவி இரண்டாவது மேசைபோல் நீளும்; நான்காவது 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி', டிவியில் மட்டும் படம். கிரிக்கெட் பார்க்க நான்காவதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. டூப்ளிகேட் முறையில் இரண்டு திரைகளுக்கும் பொதுவான அளவையும் வேகத்தையும் லேப்டாப் தேட வேண்டியிருப்பதால், பல நேரங்களில் டிவி தன் முழுத் திறனில் இயங்காது.

எக்ஸ்டெண்ட் முறைக்கு எனக்குப் பிடித்த ஒரு பயன் உண்டு. 2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில் குகேஷ், டிங் லிரெனை வென்று உலகச் செஸ் சாம்பியனான 14ஆவது ஆட்டத்தைப் போன்ற ஒன்றைப் பார்க்கும்போது, வர்ணனையை டிவியில் ஓடவிட்டு, லேப்டாப் திரையில் தனியாக ஒரு செஸ் பலகையைத் திறந்து காய்களை நகர்த்திப் பார்க்கலாம். செஸ் பழகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது மிகவும் பயன் தரும்.

லேப்டாப் மூடியை மூடினால் அது உறங்கிவிடும்; கண்ட்ரோல் பேனலில் மின்சாரத் தேர்வுகளுக்குச் சென்று, மூடியை மூடும்போது எதுவும் செய்ய வேண்டாம் என்று மாற்றிவையுங்கள். திரை தானாக அணையும் நேரத்தையும் ஆட்டம் முடியும் வரை நிறுத்திவையுங்கள். சார்ஜரை இணைத்தே வைத்திருங்கள்.

படம் வந்துவிட்டது, ஆனால் சரியாக இல்லை

இணைத்து முடித்ததும் பலர் வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். விளையாட்டு பார்ப்பவர்கள் இன்னும் பத்து நிமிடம் செலவிட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் செய்யும் திருத்தங்கள்தான் பந்து கண்ணுக்குத் தெரிவதையும் தெரியாததையும் தீர்மானிக்கின்றன.

முதல் திருத்தம், வெட்டுப்படும் ஓரங்கள். பழைய ஒளிபரப்புக் காலத்துப் பழக்கத்தால் பல டிவிகள் தமக்கு வரும் படத்தைச் சற்றே பெரிதாக்கி நான்கு ஓரங்களையும் திரைக்கு வெளியே தள்ளிவிடுகின்றன. நாடகம் பார்க்கும்போது இது தெரியாது. கிரிக்கெட்டில் ஸ்கோர் பட்டை திரையின் அடி ஓரத்தில்தான் இருக்கிறது. அதில் பாதி மறைந்துபோகும். விண்டோஸின் பணிப்பட்டை டிவியில் முழுமையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் ரிமோட்டில் படத்தின் அளவு அமைப்புக்குச் செல்லுங்கள். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்' என்றும், சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்றும், சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்றும் அது பெயர் பெற்றிருக்கும். அதைத் தேர்ந்தெடுத்ததும் படம் ஓரம் வரை முழுதாக வரும், எழுத்துகளும் கூர்மையாகும்.

இரண்டாவது திருத்தத்தைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கோ அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இந்தியாவின் ஒளிபரப்பு முறை நொடிக்கு 50 என்ற எண்ணை அடிப்படையாகக் கொண்டது. அதனால் இங்கே நடக்கும் கிரிக்கெட், கபடி ஆட்டங்களின் காட்சிகள் பெரும்பாலும் நொடிக்கு 25 அல்லது 50 படச்சட்டங்களாக வருகின்றன. லேப்டாப்போ வழக்கமாக நொடிக்கு 60 முறை, அதாவது 60 ஹெர்ட்ஸில், படத்தை அனுப்புகிறது. ஐம்பது சட்டங்களை அறுபது இடங்களில் நிரப்ப வேண்டுமென்றால் பத்துச் சட்டங்களை இரண்டு முறை காட்டித்தான் ஆக வேண்டும். அசையாத காட்சியில் இது புலப்படாது. மட்டையில் பட்ட பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓட, கேமரா அதைத் துரத்தித் திரும்பும் அந்தக் கணத்தில், நொடிக்குப் பத்து முறை படம் இடறுவதுபோல் தெரியும். இணைய வேகம் குறைவு என்று இதற்கு இணையத்தைக் குறை சொல்பவர்கள் ஏராளம்.

தீர்வு எளிது. விண்டோஸ் செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதற்குள் 'டிஸ்ப்ளே', அதற்குள் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' என்று சென்று, மேலே உங்கள் டிவியின் பெயரைத் தேர்ந்தெடுத்து, 'ரெஃப்ரெஷ் ரேட்' என்ற இடத்தில் 60க்குப் பதில் 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவில் விற்கப்படும் டிவிகளில் இந்தத் தேர்வு பொதுவாக இருக்கும். டிவியில் மட்டும் படம் வரும் நான்காவது முறையை நான் வலியுறுத்தியதற்கும் இதுவே காரணம். மாற்றிய பின் ஒரு ஓவர் பாருங்கள். கேமரா வழுக்கிக்கொண்டு செல்வதுபோல் சீராகத் திரும்பும். அமெரிக்காவில் நடக்கும் கூடைப்பந்து போன்ற ஆட்டங்கள் 60ஐ அடிப்படையாகக் கொண்டவை. அவற்றைப் பார்க்கும்போது 60 ஹெர்ட்ஸிலேயே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, டிவி தானாகச் சேர்க்கும் இடைச்சட்டங்கள். எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி' அல்லது 'ஆட்டோ மோஷன் பிளஸ்' என்று இதற்குப் பெயர். இரண்டு உண்மையான படங்களுக்கு இடையே டிவி தானாக ஒரு படத்தை ஊகித்து வரைகிறது. வேகமாகப் பறக்கும் சிறிய பந்தை ஊகிப்பதில் அது தவறும்போது பந்து மறைந்துபோகும், அல்லது அதைச் சுற்றி ஒரு மங்கலான நிழல் தோன்றும். கால்பந்துக்குக் குறைந்த அளவில் வைத்துப் பார்க்கலாம். கிரிக்கெட்டுக்கு முழுவதும் அணைத்துவிடுவதே மேல். டிவிகளில் 'ஸ்போர்ட்ஸ்' என்றொரு படமுறை இருக்கும். அது பெரும்பாலும் வண்ணத்தை மிகைப்படுத்தி இந்த இடைச்சட்ட வேலையையும் கூட்டிவிடுகிறது. பெயரைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுக்காமல், 'ஸ்டாண்டர்டு' முறையில் வைத்து வெளிச்சத்தை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கறுப்பு நிறம் சாம்பல்போல் வெளிறித் தெரிந்தாலோ, இரவு ஆட்டத்தில் பார்வையாளர் பகுதி முழு இருட்டாகத் தெரிந்தாலோ, லேப்டாப் அனுப்பும் வண்ண வரம்பும் டிவி எதிர்பார்க்கும் வரம்பும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். டிவியில் 'எச்டிஎம்ஐ பிளாக் லெவல்' என்ற அமைப்பை மாற்றிப் பார்த்தால் இரண்டில் ஒன்று சரியாக இருக்கும்.

ஒலி

படம் டிவியிலும் ஒலி லேப்டாப்பிலும் வந்தால், பணிப்பட்டையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி, வெளியீட்டுக் கருவிகளின் பட்டியலில் டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். புளூடூத் ஸ்பீக்கரை இணைத்துக் கேட்பவர்களுக்கு மட்டையில் பந்து படும் சத்தம் சற்றுத் தாமதமாக வரும்; அந்தத் தாமதம் புளூடூத்தின் இயல்பு. ஸ்பீக்கரில் 3.5 மில்லிமீட்டர் துளை இருந்தால் டிவியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து கம்பி வழியாக இணைத்துவிடுங்கள், தாமதம் மறைந்துவிடும். தமிழ் வர்ணனை வேண்டுமெனில் அதைச் செயலியின் மொழித் தேர்வில்தான் மாற்ற வேண்டும், டிவியில் அல்ல.

கைப்பேசியைக் கேபிளால் இணைத்தல்

கைப்பேசியின் யுஎஸ்பி-சி துளை படத்தை அனுப்பும் திறன் பெற்றிருந்தால், லேப்டாப்புக்கான அதே அடாப்டரும் எச்டிஎம்ஐ கேபிளும் போதும். சாம்சங் கேலக்ஸி எஸ் வரிசையில் 2017இல் வந்த எஸ்8 முதலும், ஐபோனில் 2023இல் வந்த 15 முதலும், கூகுள் பிக்சலில் 8 முதலும் இந்தத் திறன் உண்டு. நம் ஊரில் அதிகம் விற்கும் பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய் கைப்பேசிகளில் பெரும்பாலும் இல்லை. அவற்றின் துளை சார்ஜ் செய்யவும் கோப்புகளை மாற்றவும் மட்டுமே. துளையின் வடிவம் ஒன்றாக இருப்பதால் அடாப்டரை வாங்கிவந்து, செருகி, எதுவும் நடக்காமல் ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாக் கைப்பேசிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கப்படும், தனிச் செயலி ஒன்றை நிறுவச் சொல்லும் கேபிள்களில், பாதுகாக்கப்பட்ட காட்சிகள் பெரும்பாலும் வராது.

பழைய ஐபோன்களுக்கு லைட்னிங் துளைக்கான ஆப்பிளின் எச்டிஎம்ஐ அடாப்டர் இருக்கிறது; விலை கூடுதல் என்றாலும் மலிவான மாற்றுகளைவிட நம்பகமானது. எந்த அடாப்டரை வாங்கினாலும் அதில் சார்ஜருக்கான கூடுதல் துளை இருக்க வேண்டும், ஏனெனில் ஒரு இருபது ஓவர் ஆட்டம் நான்கு மணி நேரத்தை நெருங்கும். இணைத்த பின் 'டூ நாட் டிஸ்டர்ப்' முறையைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் வரும் அழைப்பும் குடும்பக் குழுச் செய்திகளும் வீட்டாருக்கு முன் பெரிய திரையில் தெரியும்.

கம்பியில்லாமல்: காஸ்ட் வேறு, மிரர் வேறு

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் கம்பியில்லா இணைப்பின் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

மிரர் என்றால் கைப்பேசி தன் திரையில் தெரிவதை நொடிதோறும் படமெடுத்து, சுருக்கி, வைஃபை வழியாக டிவிக்கு அனுப்புவது. இணையத்திலிருந்து ஆட்டத்தைப் பெறுவதும், விரிப்பதும், மீண்டும் சுருக்கி அனுப்புவதும் ஒரே கைப்பேசியின் வேலையாகிறது. அது சூடேறும், பேட்டரி இறங்கும், ஒரு கட்டத்தில் படம் திணறும். 2012இல் வந்த மிராகாஸ்ட் இந்த வகை. சாம்சங் கைப்பேசிகளில் 'ஸ்மார்ட் வியூ' என்ற பெயரில் இது கிடைக்கிறது. விண்டோஸில் விண்டோஸ் பொத்தானோடு 'கே' எழுத்தை அழுத்தினால் அருகிலுள்ள டிவிகளின் பட்டியல் வரும். பிக்சல் கைப்பேசிகளில் மிராகாஸ்ட் இல்லை.

காஸ்ட் என்றால் கைப்பேசி ஆட்டத்தின் முகவரியை மட்டும் டிவியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது. அதன் பிறகு டிவியே இணையத்திலிருந்து ஆட்டத்தை நேரடியாக இறக்கிக் காட்டுகிறது; கைப்பேசி வெறும் ரிமோட். 2013இல் குரோம்காஸ்ட் என்ற சிறு கருவியோடு கூகுள் இதைக் கொண்டுவந்தது. அந்தக் கருவியின் தயாரிப்பு 2024இல் நிறுத்தப்பட்டாலும், ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி வகைத் தொலைக்காட்சிகளில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஆப்பிள் கருவிகளில் ஏர்ப்ளே இதே வேலையைச் செய்கிறது. மிரர் செய்யவும் அதனால் முடியும்.

ஆகவே விளையாட்டுச் செயலியைத் திறந்து ஆட்டத்தை ஓடவிட்டு, வீடியோவின் மேல் மூலையில் செவ்வகத்துக்குள் வளைவுக் கோடுகள் போன்ற குறி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அதைத் தொட்டு டிவியைத் தேர்ந்தெடுங்கள், அதுதான் காஸ்ட். கைப்பேசியின் மேலிருந்து இழுக்கும் பட்டியலில் உள்ள திரை பகிரும் பொத்தான் மிரர் முறைக்கானது. அதை வேறு வழியே இல்லாதபோது மட்டும் தொடுங்கள். 2023 மே மாத இரவில் நாங்கள் செய்த தவறு அந்தப் பொத்தானைத் தொட்டதுதான்.

காஸ்ட் செய்யக் கைப்பேசியும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். இருந்தும் டிவியின் பெயர் தெரியவில்லை என்றால், ரவுட்டரின் விருந்தினர் வலைப்பின்னலில் (கெஸ்ட் நெட்வொர்க்) இரண்டில் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்; விருந்தினர் வலைப்பின்னல் கருவிகளை ஒன்றுக்கொன்று தெரியாமல் பிரித்துவைக்கும். ரவுட்டர் டிவி இருக்கும் அறையிலேயே இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துங்கள், நெரிசல் குறைவு. நடுவே இரண்டு சுவர்கள் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸே தாங்கும்.

ஒலி வருகிறது, படம் கறுப்பு

இது பழுதன்று, பாதுகாப்பு ஏற்பாடு. உரிமம் பெற்ற நேரலைகளை யாரும் பதிவு செய்யக் கூடாது என்பதற்காக, எச்டிஎம்ஐ கேபிளின் இரு முனைகளில் உள்ள கருவிகளும் எச்டிசிபி என்ற முறையில் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்கின்றன. நடுவே பழைய எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டரோ மலிவான மாற்றியோ இருந்தால் சரிபார்ப்பு தோற்று, திரை கறுக்கும். அவற்றை நீக்கிவிட்டு நேராக இணைத்துப் பாருங்கள். மிரர் முறையில் கறுப்பு வந்தால் காஸ்ட் முறைக்கு மாறுங்கள். லேப்டாப்பில் வேறொரு உலாவியில் திறந்து பார்ப்பதும் பலமுறை பலன் தந்திருக்கிறது.

இன்னொரு காரணம் சந்தா. கைப்பேசிக்கு மட்டும் என்று குறைந்த விலையில் தரப்படும் திட்டங்களில் டிவிக்கோ லேப்டாப்புக்கோ அனுமதி இருக்காது. எந்தக் கேபிளாலும் அதை மாற்ற முடியாது. திட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். வீட்டுச் சந்தா வீட்டில் பார்ப்பதற்கானது என்பதால், தெருமுனையில் திரை கட்டி ஊருக்குக் காட்ட அதைப் பயன்படுத்தக் கூடாது. உரிமமில்லாமல் ஆட்டத்தைக் காட்டும் தளங்களை லேப்டாப்பில் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்; அவை பரப்பும் தீய நிரல்கள் அதே லேப்டாப்பில் நீங்கள் செய்யும் வங்கிப் பரிமாற்றத்தைக் குறிவைக்கக்கூடியவை.

எச்டிஎம்ஐ இல்லாத டிவி

2006 முதல் தமிழ்நாடு அரசு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி போன்ற பழைய பெட்டிகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று 'ஏவி' எனப்படும் வட்டத் துளைகள் இருக்கும். இவற்றுக்கு எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் சிறு பெட்டி கடைகளில் கிடைக்கிறது. ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் பெட்டியும் பார்க்க அச்சாக அதேபோல் இருக்கும். அது எதிர்த்திசையில் வேலை செய்வது, இங்கே பயன்படாது. வாங்கும்போது எழுத்தைப் படித்து வாங்குங்கள். பெட்டிக்கு யுஎஸ்பி வழியாக மின்சாரம் கொடுத்து, அதன் பக்கவாட்டுப் பொத்தானைப் 'பால்' (PAL, இந்தியாவின் பழைய ஒளிபரப்பு முறை) பக்கம் தள்ளிவையுங்கள். எச்டிசிபி காரணமாகச் சில செயலிகள் இதில் மறுக்கலாம். படம் வந்தாலும் ஸ்கோர் எழுத்துகள் தெளிவாக இருக்காது.

நீலநிறப் பதினைந்து ஊசி விஜிஏ துளை உள்ள டிவியில் படம் நன்றாகவே வரும், ஒலிக்கு மட்டும் தனிக் கம்பி வேண்டும்.

இணையமும் டேட்டாவும்

1080பி நேரலைக்கு நொடிக்கு சுமார் 6 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 2.7 ஜிபி செலவாகும். நான்கு மணி நேர ஆட்டத்துக்குப் பத்து ஜிபிக்கு மேல். ஐந்து நாள் டெஸ்ட் முழுவதையும் முப்பது மணி நேரம் பார்த்தால் 80 ஜிபியைத் தாண்டும். நாளுக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி தரும் மொபைல் திட்டத்தில் இது முதல் இன்னிங்ஸுக்குள் தீர்ந்துவிடும். வீட்டு இணையம் இருப்பவர்கள் லேப்டாப்பை ரவுட்டரோடு லேன் கேபிளால் இணைப்பது மிகச் சிறந்தது. மொபைல் டேட்டாதான் வழி என்றால், ஹாட்ஸ்பாட்டைவிடக் கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் இணைத்து இணையத்தைப் பகிர்வது நிலையானது. கைப்பேசியும் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்.

பெரிய ஆட்டங்களில் உங்கள் இணையம் சரியாக இருந்தும் படம் மங்கலாம். 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அவ்வளவு கூட்டத்தில் செயலி தானாகத் தரத்தைக் குறைக்கும். 'ஆட்டோ' என்பதை விட்டு 720பி என்று கையால் நிர்ணயித்துவிட்டால், ஏறி இறங்கும் படத்துக்குப் பதில் நிலையான படம் கிடைக்கும்.

இணைய நேரலை மைதானத்தைவிடப் பல நொடிகள், சில நேரம் அரை நிமிடம்கூடப் பின்தங்கியே வரும். டிடிஎச் வைத்திருக்கும் பக்கத்து வீட்டிலிருந்து விக்கெட்டுக்கான ஆரவாரம் முன்னதாகவே கேட்பது இதனால்தான். கேபிளை மாற்றினாலும் இது தீராது. ஆனால் இடையில் நிறுத்தி ஓடவிட்டிருந்தால் தாமதம் இன்னும் கூடியிருக்கும்; திரையில் உள்ள 'லைவ்' பொத்தானை அழுத்தினால் நேரலையின் முனைக்கு வந்துவிடலாம். ஸ்கோர் அறிவிப்பு தரும் செயலிகளை ஆட்டம் முடியும்வரை மௌனமாக்கிவையுங்கள், அவை படத்துக்கு முந்திக்கொண்டு முடிவைச் சொல்லிவிடும்.

இவை அனைத்தையும் ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலையிலேயே செய்து, ஏதேனும் ஒரு பழைய ஆட்டத்தின் சிறப்புக் காட்சிகளை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சோதியுங்கள். டாஸ் போடும் நேரத்தில் உலாவி புதுப்பிக்கச் சொல்வதும், கடவுச்சொல் மறந்துபோவதும், ரிமோட்டில் பேட்டரி தீர்ந்திருப்பதும் அப்போது நேராது. இடி மின்னல் தொடங்கினால் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் டிவி, லேப்டாப், ரவுட்டர் மூன்றின் இணைப்புகளையும் கழற்றிவிட்டுக் கைப்பேசியில் தொடருங்கள். ஆட்டம் முடிந்து லேப்டாப்பை எடுத்துச்செல்லும்போது, மூடியின் அமைப்பைப் பழையபடி உறக்கத்துக்கு மாற்ற மறக்காதீர்கள். விழித்தபடியே பைக்குள் போன லேப்டாப் காலையில் கை சுடும் அளவுக்குச் சூடேறியிருக்கும்.